மலை குறுக்க நிக்குதே, சிக்னல் போகுமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டவர் போடறதுக்கு முன்னாடி நிலத்தோட உயரத்தை டிஜிட்டல் மேப்ல பாத்துக்கங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன், அந்த ஒரு வரிக்கே இவ்வளவு கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. இந்த மாசம் முழுக்க அதுதான்.

கூடலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல வேலை பாக்கறேன். ஆபீஸ்ல நெட் இருக்கு. 12 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு டிவிஷன்ல இருக்கற ஸ்கூலுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வெச்சு கொடுக்கலாம்னு இருக்கோம். கம்ப்யூட்டர்லயே பாத்துடலாம்னு சொல்றாங்க, நம்பலாமா?

நம்பலாங்க, ஆனா எதை நம்பறோம்னு தெரிஞ்சு நம்பணும். உங்களுக்கு இலவசமா கிடைக்கற உயரத் தகவல்ல முக்கால்வாசி வந்த கதையைச் சொன்னா மீதி தானா புரியும். 2000ம் வருஷம் பிப்ரவரி மாசம் எண்டெவர் விண்வெளி ஓடம் மேல போச்சு, அதுல ஒரு ரேடார் ஆண்டெனா உள்ள, இன்னொண்ணு 60 மீட்டர் நீளக் கம்பத்தோட நுனியில. பதினோரு நாள் பூமியைச் சுத்தி, வடக்க 60 டிகிரியில இருந்து தெற்க 56 டிகிரி வரைக்கும் நிலப்பரப்பை அளந்துட்டு வந்தாங்க. அதுதான் எஸ்.ஆர்.டி.எம். முதல்ல அமெரிக்காவுக்கு வெளியில இருக்கறவங்களுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கொடுத்தாங்க, 2014 கடைசியில இருந்துதான் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி நமக்கும் திறந்துவிட்டாங்க. ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டமா ஃபைல் வரும், தென்மேற்கு மூலை எதுவோ அதுதான் பேரு, உங்க கூடலூருக்கு வடக்கு 11 கிழக்கு 76 கட்டத்தை எடுக்கணும்.

அதை சாஃப்ட்வேர்ல போட்டு ரெண்டு இடத்தையும் குறிச்சா நடுவுல இருக்கற மேடு பள்ளம் எல்லாம் பக்கவாட்டுல வெட்டின மாதிரி ஒரு படம் வரும், ப்ரொஃபைல்னு சொல்வாங்க. ரெண்டு ஆண்டெனாவுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு அது எந்த மேட்டுலயும் இடிக்கலைன்னா ஓகேன்னு பல பேர் அங்கயே நிறுத்திடறாங்க, அது போதாது. ரேடியோ அலை கோடு மாதிரி போகாது, நடுவுல உப்பின ஒரு வாழைப்பூ மாதிரி இடத்தை எடுத்துக்கிட்டுத்தான் போகும், அந்த இடத்துக்கு ஃப்ரெனல் மண்டலம்னு பேரு. உங்க 12 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ்ல சரியா நடுவுல அதோட ஆரம் 12 மீட்டர் சொச்சம் வரும். அதுல 60 சதவீதமாவது, அதாவது ஏழரை மீட்டர், கோட்டுக்குக் கீழ காலியா இருக்கணும். கோடு மேட்டை உரசிக்கிட்டுப் போனாலே 6 டெசிபெல் போயிடும், வர்ற பவர் நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடும்னு அர்த்தம். பூமி வளைவுக்கும் கொஞ்சம் சேக்கணும், உங்க தூரத்துக்கு அது 2 மீட்டர்தான், பெருசா கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மரம். நீலகிரியில தேயிலைக்கு நடுவுல நிழலுக்கு வெச்சிருக்கற சில்வர் ஓக் 20 மீட்டரைத் தாண்டி வளரும், யூகலிப்டஸ் அதுக்கும் மேல. எஸ்.ஆர்.டி.எம். ரேடார் மரத்துக்குள்ள கொஞ்சம் போய் கொஞ்சம் போகாம திரும்பி வந்தது, அதனால அந்த உயரம் தரையும் இல்ல, மர உச்சியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்குது. அதுவும் 2000ல இருந்த மரம்! அப்ப வெட்டவெளியா இருந்த இடத்துல இன்னைக்கு தோப்பு நிக்கலாம், அப்ப குன்றா இருந்தது இன்னைக்கு குவாரிப் பள்ளமா இருக்கலாம். இன்னொரு விஷயமும் இருக்கு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளின்னா கூர்மையான முகடு சராசரியாகி மழுங்கிடும், நிஜ முகடு மேப்ல இருக்கறதை விட சில மீட்டர் உயரமா நிக்கும், நீலகிரி மாதிரி செங்குத்தான இடத்துல இது கண்டிப்பா நடக்கும். ரொம்ப செங்குத்தான பள்ளத்துல ரேடார் பார்வையே படாம ஓட்டையா விட்டுப்போய் பின்னாடி வேற தகவலை வெச்சு நிரப்பின இடங்களும் உண்டு.

அதனால நான் சொல்றது இதுதாங்க. ஒரே மேப்பை நம்பாதீங்க. ஐரோப்பாக்காரங்க கொடுக்கற கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாடலையும் எடுங்க, அது 2010க்கு அப்புறம் அளந்தது, நம்ம இஸ்ரோவோட கார்ட்டோசாட்-1 படங்கள்ல இருந்து செஞ்ச கார்ட்டோடெம் புவன் தளத்துல கிடைக்கும், அதையும் எடுங்க, அதோட உயரம் மட்டும் ஜி.பி.எஸ். கணக்குல இருக்கும் (அடுத்த கேள்வியில சொல்றேன்), கடல் மட்டக் கணக்குக்குத் திருத்திட்டு ஒப்பிடுங்க. மூணுலயும் ப்ரொஃபைல் போட்டுப் பாருங்க. மூணும் ஒத்துப்போற இடத்துல தைரியமா இருக்கலாம், எங்க பத்து பதினைஞ்சு மீட்டர் வித்தியாசம் வருதோ அந்த இடத்தை குறிச்சு வெச்சுக்கிட்டு அங்க நேர்ல போய் நில்லுங்க, அண்ணாந்து மரத்தைப் பாருங்க. மேப்போட பெரிய உபகாரமே இதுதான், 12 கிலோமீட்டர் பூரா அலையாம எந்த ரெண்டு இடத்துக்குப் போகணும்னு சொல்லிடும். மரம் வளரும்ங்கறதுக்கு இன்னும் ஒரு 5 மீட்டர் சேத்து டவர் உயரத்தை முடிவு பண்ணுங்க. ஸ்கூல் புள்ளைங்களுக்கான லிங்க், ரெண்டு வருஷத்துல அடைச்சுக்கக் கூடாது.

தூத்துக்குடி கடற்கரையில நின்னு போன்ல ஜி.பி.எஸ். ஆப்ல உயரம் பாத்தா மைனஸ் 90ன்னு காட்டுது. போன் ரிப்பேரா?

போன் நல்லா இருக்கு. இந்தக் கேள்வியை ரொம்ப முக்கியமா எடுத்துக்கறேன், ஏன்னா பெரிய பெரிய ப்ராஜெக்ட்லயே இது ஆளைக் கவுக்கற விஷயம்.

ஜி.பி.எஸ். கணக்குல பூமி ஒரு வழவழப்பான முட்டை வடிவம், உயரம்னா அந்த வடிவத்துல இருந்து எவ்வளவு மேலன்னு அர்த்தம். நிஜக் கடல் மட்டம் அப்படி வழவழப்பா இல்ல, ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுறதால சில இடத்துல உப்பியும் சில இடத்துல அமுங்கியும் இருக்கு. உலகத்துலயே ரொம்ப அமுங்கின இடம் இலங்கைக்குத் தெற்க இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, அங்க 106 மீட்டர் கீழ. தமிழ்நாடு அந்தப் பள்ளத்தோட ஓரத்துலதான் இருக்கு, அதனால நம்ம கடற்கரையில நின்னா அந்த முட்டைக்கணக்குல 80, 90 மீட்டர் கீழ நிக்கறோம். சில போனும் ஆப்பும் இதைத் திருத்திக் காட்டும், சிலது திருத்தாம அப்படியே காட்டும்.

இதுல ரேடியோ எங்க வருதுன்னா, எஸ்.ஆர்.டி.எம்., கோப்பர்நிக்கஸ் மாதிரி மேப் டேட்டால உயரம் கடல் மட்டத்துல இருந்து இருக்கும், கார்ட்டோடெம்ல மட்டும் அந்த முட்டைக்கணக்கு. டவர் இருக்கற இடத்துல ஒருத்தர் ஜி.பி.எஸ். கருவியில எடுத்த உயரத்தை திருத்தாம அப்படியே சாஃப்ட்வேர்ல போட்டுட்டார்னு வைங்க, மலை மேல இருக்கற டவர் ஒரே அடியில 90 மீட்டர் பூமிக்குள்ள இறங்கிடும், எல்லா லிங்கும் அடைச்சதா காட்டும். நார்வேலயோ ஜப்பான்லயோ இதே தப்பைப் பண்ணா வித்தியாசம் நாப்பது மீட்டர் அளவுலதான் வரும், நம்ம ஊர்ல தண்டனை ரெட்டிப்பு. அதே மாதிரி பழைய சர்வே ஆஃப் இந்தியா டோபோ ஷீட்ல இருந்து எடுத்த அட்ச தீர்க்க ரேகையை அப்படியே இன்னைக்கு மேப்ல போட்டா இடமே நூறு மீட்டருக்கு மேல நகர்ந்திடும், ஏன்னா அது ஜார்ஜ் எவரெஸ்ட்ங்கற பழைய சர்வேயர் காலத்து கணக்கு. மலை முகட்டுல நூறு மீட்டர் நகர்ந்தா டவர் சரிவுல விழுந்திடும். எந்த எண்ணை வாங்கினாலும் இது எதுல இருந்து அளந்ததுன்னு முதல்ல கேளுங்க.

திருச்சிப் பக்கம் எங்க மாமா வீட்டுல கோடை எஃப்.எம். நல்லா கேக்குது. எங்க ஊர் கம்யூனிட்டி ரேடியோ 15 கிலோமீட்டர் தாண்டினா இல்ல. பவரைக் கூட்டினா சரியாயிடுமா?

சுலபமா கூட்ட முடியாதுங்க, கம்யூனிட்டி ரேடியோவுக்கு பொதுவா 100 வாட், ஆண்டெனா தரையில இருந்து 30 மீட்டர்ங்கறது விதி. கோடைக்கானல்ல 100.5 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கறது 10 கிலோவாட், நூறு மடங்கு, ஆனா அதை விட பெரிய வித்தியாசம் நிக்கற இடம். எளிய கணக்கு ஒண்ணு இருக்கு, ஆண்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்கினா அதோட ரேடியோ தொடுவானம் கிலோமீட்டர்ல வரும். சமவெளியில 30 மீட்டருக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர். கோடைக்கானல் சமவெளியை விட சுமார் 2,000 மீட்டர் உயரத்துல இருக்கு, அதுக்கு 184 கிலோமீட்டர் வரும். திருச்சி நேர்கோட்டுல 145 கிலோமீட்டர்தான், திருநெல்வேலி சுமார் 170, ரெண்டும் உள்ளயே இருக்கு. ராமேஸ்வரம் 220க்கு மேல, அது தொடுவானத்துக்கு அந்தப் பக்கம்.

உங்க ஸ்டேஷனுக்கு என்ன பண்ணலாம்னா, டவரைச் சுத்தி டிகிரிக்கு ஒண்ணா 360 ப்ரொஃபைல் எடுத்து எந்த கிராமம் நிழல்ல இருக்குன்னு ஒரு படம் போடச் சொல்லுங்க. அனுமதிச்ச எல்லைக்குள்ளயே கொஞ்சம் மேடான இடம் கிடைச்சு அங்க மாத்த முடிஞ்சா, அதுக்கு ஒப்புதல் வாங்கி மாத்தறதுதான் வழி, சமவெளி மாதிரி தெரியற ஊர்லயும் 20 மீட்டர் மேடு உண்டு, கண்ணுக்குத் தெரியாது, மேப்ல தெரியும்.

கோயம்புத்தூர்ல எம்.இ. படிக்கறேன். வால்பாறைக்கு செல்போன் கவரேஜ் ப்ராஜெக்ட், ஒக்குமுரா ஹாட்டா மாடல்ல போட்டேன், வட்டம் வட்டமா வருது. கைடு ஒத்துக்க மாட்டேங்கறார்.

உங்க கைடு சொல்றது சரி தம்பி. ஒக்குமுரா ஹாட்டாங்கறது தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு குறையும்னு சொல்ற சூத்திரம். ஒக்குமுரா அளந்தது டோக்கியோவைச் சுத்தி, 1968ல வெளியாச்சு, ஹாட்டா அதை 1980ல சூத்திரமா எழுதினார். 150ல இருந்து 1500 மெகாஹெர்ட்ஸ் வரை, தூரம் 1ல இருந்து 20 கிலோமீட்டர், டவர் 30ல இருந்து 200 மீட்டர். அதுல போடறதுக்கு தூரம் இருக்கு, உயரம் இருக்கு, ஊரா நகரமான்னு இருக்கு, மலைக்கு இடமே இல்ல. எந்தத் திசையில போனாலும் ஒரே பதில்னா படம் வட்டமாத்தான் வரும். வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் எதிர்ல நிக்கற மலை மாறுது, சிக்னல் வர்ற திசையும் மாறுது, அங்க போய் வட்டம்!

அங்க வேண்டியது நிலத்தோட வெட்டுத்தோற்றத்தைப் படிக்கற மாடல். லாங்லி ரைஸ் 1968ல வந்தது, 20 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்னு செஞ்சது, ப்ரொஃபைலை எடுத்துக்கிட்டு எந்த முகட்டுல எவ்வளவு மடங்கி வரும்னு கணக்குப் போடும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வோட பி.1812 பரிந்துரையும் அந்த வகைதான். ஆனா மாடல் எது போட்டாலும் நிலத்து மேல என்ன இருக்குங்கறதை தனியா ஒரு அடுக்கா கொடுக்கணும், க்ளட்டர்னு சொல்றது அதைத்தான், காடா தேயிலையா வீடா தண்ணியான்னு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட வேர்ல்டுகவர் 10 மீட்டர் அளவுல இலவசமா இருக்கு, அதுல ஒவ்வொரு வகைக்கும் இத்தனை உயரம் இத்தனை இழப்புன்னு நீங்க கொடுக்கணும். அந்த எண்ணை எங்க இருந்து எடுப்பீங்க? யாரோ வெளிநாட்டுல பைன் மரக்காட்டுல அளந்ததை எடுத்துப் போடாதீங்க, பஸ் ஏறுங்க. போன்ல சிக்னல் அளவையும் இடத்தையும் பதிவு பண்ற ஆப் போட்டுக்கிட்டு பொள்ளாச்சியில இருந்து மேல போய்ட்டு வாங்க, கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசத்தை எடுத்து மாடலைத் திருத்துங்க. அந்த வித்தியாசத்தோட திட்ட விலக்கம் 8 டெசிபெல்லுக்குள்ள வந்தா நல்ல வேலைன்னு தொழில்ல ஒத்துக்குவாங்க. ஒரு பாதி அளவுகளை வெச்சு திருத்தி மறுபாதியில சோதிச்சுப் பாருங்க, அதே அளவுலயே திருத்தி அதுலயே சோதிச்சா எல்லாமே சரியாத்தான் தெரியும்.

எந்த சாஃப்ட்வேர்? காசு கட்டணுமா? இந்த உயர டேட்டாவை நாம எடுக்கறது சட்டப்படி சரியா?

ரேடியோ மொபைல் இலவசம், கனடாவுல ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்கா ரேடியோ இயக்கறவர், எழுதினது, உயர டேட்டாவை அதுவே இறக்கிக்கும். லினக்ஸ்ல ஸ்ப்ளாட் இருக்கு, அதுவும் ஒரு ஹாம் எழுதினதுதான். ரெண்டும் லாங்லி ரைஸை வெச்சு ஓடுது. மேப்பை அடுக்கடுக்கா பாக்க கியூஜிஐஎஸ். சட்டத்தைப் பத்தி, 2021 பிப்ரவரியில மத்திய அரசு வெளியிட்ட விதிகளுக்கு அப்புறம் மேப் தயாரிக்கறதுக்கும் பயன்படுத்தறதுக்கும் இருந்த பழைய கெடுபிடி நிறைய தளர்ந்திடுச்சு, இந்த இலவச டேட்டாவை தாராளமா எடுக்கலாம். 5.8 கிகாஹெர்ட்ஸ் 2018ல இருந்து பவர் வரம்புக்குள்ள லைசென்ஸ் இல்லாம வெளியிடத்துல பயன்படுத்தலாம். வி.எச்.எஃப். வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம், அதுல விளையாடாதீங்க.

வைஃபை நூறு மீட்டர் தாண்டாதுன்னு சொல்றாங்க. நீங்க கிலோமீட்டர் கணக்குல பேசறீங்க?

நூறு மீட்டர்ங்கறது வீட்டு ரவுட்டருக்கு. 2007ல வெனிசுவேலாவுல எர்மானோ பியெத்ரோசெமோலியும் அவரோட ஆட்களும் வைஃபை கருவியை வெச்சு 382 கிலோமீட்டர் லிங்க் போட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் 279 கிலோமீட்டர். ரெண்டுலயும் ஒரு முனை 4,000 மீட்டருக்கு மேல இருக்கற ஆண்டீஸ் மலை முகடு. எனக்கு இதுல பிடிச்சது தூரம் இல்ல, அதைத் தேடிக் கண்டுபிடிச்ச விதம். 382 கிலோமீட்டர்னா நடுவுல பூமியோட வளைவே 2,100 மீட்டருக்கு மேல எழும்பி நிக்கும், அதைத் தாண்டி ஒண்ணை ஒண்ணு பாக்கற ரெண்டு முகடு எதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியவே முடியாது. உயர டேட்டாவை வெச்சு கம்ப்யூட்டர்ல தேடினாத்தான் கிடைக்கும்.

நம்ம தேனியிலயே இது நடந்திருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனையில இருந்து சுத்துப்பட்டு ஊர்கள்ல இருக்கற பார்வை மையங்களுக்கு பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005, 2006 வாக்குல நீண்டதூர வைஃபை லிங்க் போட்டாங்க, நோயாளி அவங்க ஊர்லயே உக்காந்து தேனியில இருக்கற டாக்டர் கிட்ட வீடியோவுல பேசினாங்க. வைஃபைல ஒரு பாக்கெட் அனுப்பினா பதில் உடனே வரணும்னு எதிர்பாக்கும், தூரம் கூடினா அந்தப் பதில் லேட்டாகும், வரலைன்னு நினைச்சு மறுபடி மறுபடி அனுப்பும், அதனால அவங்க ரெண்டு பக்கமும் முறை வெச்சு பேசற மாதிரி மாத்தி எழுதினாங்க. நல்ல இடத்துல நின்ன டவர், நல்ல சாஃப்ட்வேர், ரெண்டும் சேந்ததாலதான் அந்த கிராமத்து அம்மா பஸ் காசு செலவழிக்காம கண்ணைக் காட்ட முடிஞ்சுது.

கன்னியாகுமரி மாவட்டம், கடலோர கிராமம். என் அண்ணன் ஆழ்கடல் போட்ல போறாங்க. ஒக்கி புயல்ல நாங்க பட்டது உங்களுக்குத் தெரியும். கடல்ல மலையே இல்லையே, அப்புறம் ஏன் வி.எச்.எஃப். செட் கரைக்கு எட்டல? இந்த மேப் எல்லாம் எங்களுக்கு உதவுமா?

தங்கச்சி, உங்க கடிதத்தை பல தடவை படிச்சேன். கடல்ல மலை இல்ல, பூமிதான் அங்க மலை. மேல சொன்ன தொடுவானக் கணக்கையே பாருங்க. போட்ல ஆண்டெனா தண்ணியில இருந்து 4 மீட்டர்னா அதுக்கு 8 கிலோமீட்டர் வருது. ரெண்டு போட் பேசிக்கிட்டா ரெண்டும் சேத்து 16. கரையில 50 மீட்டர் டவர் இருந்தா 29, அண்ணன் போட்டோட 8 சேத்து 37 கிலோமீட்டர், அதாவது 20 கடல் மைல். அதுக்கு அப்புறம் செட் நல்லா இருந்தாலும், 25 வாட் முழுசா வெச்சாலும், அலை கடலோட வளைவுக்கு மேல வானத்துக்குப் போயிடும், கரைக்கு இறங்காது. 2017 நவம்பர் 30ம் தேதி புயல் வந்தப்ப ஆழ்கடல் போட்ல போனவங்க பல பேர் இதை விட ரொம்ப தூரத்துல இருந்தாங்க. செட்டோட தப்பும் இல்ல, அதைப் பிடிச்சிருந்தவங்க தப்பும் இல்ல.

சில சமயம் கடல் மேல காத்து சூடும் குளிரும் அடுக்கடுக்கா நின்னு அலையை வளைச்சு ரொம்ப தூரம் கொண்டு போகும், ராமநாதபுரம் பக்கம் இலங்கை எஃப்.எம். தெளிவா கேக்கற நாள் அதுதான். ஆனா அது வானிலையைப் பொறுத்தது, புயல் அடிக்கற நேரத்துல அதை நம்பி உயிரை வெக்க முடியாது.

மேப் உதவும், கரைப் பக்கத்துக்கு உதவும். மேற்குத் தொடர்ச்சி மலை வந்து முடியறது உங்க மாவட்டத்துலதான். கடலைப் பாத்த மாதிரி 400 மீட்டர் உயரத்துல ஒரு இடம் கிடைச்சு, வர்ற சிக்னலை வாங்கி திரும்ப அனுப்பற ரிப்பீட்டர் அங்க நின்னா அதுக்கு 82, போட்டுக்கு 8, மொத்தம் 90 கிலோமீட்டர். எந்த முகட்டுல நின்னா எந்தத் திசைக் கடல் தெரியும், எந்த முகடு பக்கத்து மலையால மறைஞ்சிருக்குன்னு உயர டேட்டா போட்டா ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சிடும், அதுக்கு பெரிய செலவே இல்ல. 90க்கு அப்பால போறவங்களுக்கு செயற்கைக்கோள்தான் வழி, ஒக்கிக்கு அப்புறம் நம்ம நாட்டோட ஜி.பி.எஸ். மாதிரியான நாவிக் செயற்கைக்கோள் வழியா புயல் எச்சரிக்கை வாங்கற கருவி வந்துச்சு, இப்ப போட்ல இருந்தும் செய்தி அனுப்பற டிரான்ஸ்பாண்டர் கொடுக்கறாங்க. அண்ணன் போட்ல அது இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க, இல்லைன்னா மீன்வளத்துறை ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. போட் ஆண்டெனாவை 4ல இருந்து 9 மீட்டருக்கு ஏத்த முடிஞ்சா 8 கிலோமீட்டர் 12 ஆகும், அதையும் ஓனர் கிட்ட பேசச் சொல்லுங்க.

உங்க ஊர் சங்கத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர் இருந்தா எனக்கு எழுதச் சொல்லுங்க, கவரேஜ் படம் எப்படி போடறதுன்னு ஒவ்வொரு படியா அனுப்பறேன். எந்த முகட்டுல இருந்து எத்தனை கடல் மைல் வருதுன்னு அந்தப் படத்தோட சேத்து மனு கொடுங்க. வெறும் கோரிக்கையா போனா ஃபைல்ல தூங்கும், முகட்டோட அட்ச தீர்க்க ரேகையும் படமும் சேந்து போனா அதிகாரி யாரும் எங்க வைக்கறதுன்னு திருப்பிக் கேக்க முடியாது.